ஆறாம் ஆண்டுத் தேர்வு நீக்கமும் பொதுமக்கள் கருத்தும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், அப்போதைய கல்வியமைச்சர் ராட்ஸி ஜிடின், தொடக்கப்பள்ளி அடைவுநிலைத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். அவ்வாண்டு முதல் நீக்கப்படுவதாக அறிவித்தார். 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அத்தேர்வு 2019ஆம் ஆண்டு கடைசியாக நடைபெற்றது. 2020ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்றின் காரணமாக இரத்துச் செய்யப்பட்டது. படிவம் மூன்று மாணவர்க்கான பி.டி.3 தேர்வும் 2022ஆம் ஆண்டு சூன் மாதம் நீக்கப்பட்டது. இவ்வாறு, பதினோராண்டுப் பள்ளி வாழ்வில் நாடு தழுவிய பொதுத்தேர்வு என மாணவர் எதிர்கொள்வது எஸ்.பி.எம். ஒன்றே என்ற நிலை ஏற்பட்டது.

இம்முடிவைப் பற்றிய கருத்து வேறுபாடு இன்றுவரை ஓயவில்லை. 2025ஆம் ஆண்டில் இவ்விரு தேர்வுகளையும் மீண்டும் கொண்டுவரலாமா என்ற வினா நாட்டின் பொது விவாதத்தில் மறுபடியும் இடம்பெற்றது. பெற்றோர், ஆசிரியர், அரசியலார், நாளிதழ் வாசகர் ஆகியோர் தேர்வு வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் இரு அணிகளாக நின்று பேசி வருகின்றனர்.

இவ்விவாதத்தில் இரண்டு வினாக்கள் ஒன்றாகக் கலந்துள்ளன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு மாணவன் என்ன கற்றுள்ளான் என்பது முதல் வினா. அவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்ற பள்ளி தன் கடமையைச் செய்ததா என்பது இரண்டாவது வினா. பின்னதையே கல்வியியலார் பள்ளியின் பொறுப்புடைமை என்பர். யு.பி.எஸ்.ஆர். இவ்விரு வினாக்களுக்கும் விடையாகப் பயன்படுத்தப்பட்டது. அது நீங்கியபோது இரண்டு விடைகளும் ஒருசேர நீங்கின. இதன் விளைவு தமிழ்ப்பள்ளிகளுக்குத் தனித்தன்மை வாய்ந்தது என்பதால், கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துச் சூழலை முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

1. தேர்வு வந்த வழி

விடுதலைக்குப் பிந்திய தொடக்க ஆண்டுகளில் ஆறாம் ஆண்டு முடிவில் நடைபெற்ற தேர்வு வடிகட்டும் தேர்வாக இருந்தது. இடைநிலைப் பள்ளிக்குள் நுழைவதற்கான அத்தேர்வில் வெற்றி பெற்ற சிறுபகுதியினரே அரசாங்க இடைநிலைப் பள்ளிகளில் இடம் பெற்றனர். ஏனையோரின் கல்வி பன்னிரண்டு வயதோடு நின்றது. 1964ஆம் ஆண்டு அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லா மாணவரும் இடைநிலைக் கல்விக்குத் தாமாகவே செல்லும் வழி திறக்கப்பட்டது. இன்றைய விவாதத்தில் அதிகம் நினைவுகூரப்படாவிடினும், நம் நாட்டில் ஒரு தேசியத் தேர்வு நீக்கப்பட்டதால் ஏழை மாணவர் பெற்ற பயனுக்கு அதுவே முதற்சான்றாகும்.

பின்னர் வந்த ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வும் அதனைத் தொடர்ந்த யு.பி.எஸ்.ஆரும் எவரையும் பள்ளியைவிட்டு வெளியேற்றவில்லை. மாணவர் அடிப்படைத் திறன்களை அடைந்துள்ளனரா என்று காண்பதே அவற்றின் நோக்கமாகக் கூறப்பட்டது. எனினும், தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்க்கு யு.பி.எஸ்.ஆரில் ஒரு கதவு இருந்தது. மலாய்மொழியின் கருத்துணர்தல், கட்டுரைத் தாள்களில் குறைந்தது சி பெறாதவர் நேரே படிவம் ஒன்றுக்குச் செல்ல இயலாது. அவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பின்னரே படிவம் ஒன்றில் சேர்ந்தனர். தேசியப் பள்ளியில் பயின்ற மாணவர்க்கு இந்நிலை இல்லை. ஆகவே, ஒரே தேர்வு ஒரு பள்ளி மாணவர்க்கு அறிக்கையாகவும் மற்றொரு பள்ளி மாணவர்க்கு வாயிலாகவும் விளங்கியது.

தாள்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு இருந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ்மொழித் தாள்கள் இரண்டையும் சேர்த்து ஏழு தாள்களை எழுதினர். 2016ஆம் ஆண்டு ஆங்கிலம் இரு தாள்களாகப் பிரிக்கப்பட்டபின் அவ்வெண்ணிக்கை எட்டாயிற்று. ‘7ஏ’, பின்னர் ‘8ஏ’ என்பன தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வழக்கில் இடம்பெற்ற சொற்களாயின.

2. மாணவர் அளவுகோல் பள்ளி அளவுகோலான விதம்

தேர்வு முடிவுகளைக் கொண்டு பள்ளிகளை மதிப்பிடும் வழக்கம் முன்பே இருந்தபோதிலும், 2010ஆம் ஆண்டு அரசாங்க உருமாற்றத் திட்டத்தின்கீழ் அது முறைப்படுத்தப்பட்டது. அத்திட்டத்தில் பள்ளிகள் யாவும் ஒன்று முதல் ஏழு வரையிலான தரப்பிரிவுகளில் வைக்கப்பட்டன. தரப்பிரிவை முடிவு செய்யும் புள்ளிகளில் 70 விழுக்காடு பொதுத்தேர்வு முடிவுகளிலிருந்தும் 30 விழுக்காடு பள்ளியின் தர மதிப்பீட்டிலிருந்தும் பெறப்பட்டது. உயர்ந்த நிலையிலிருந்த பள்ளிகள் சிலவற்றுக்கு உயர்செயல்திறன் பள்ளி என்னும் தகுதி வழங்கப்பட்டது; இலக்கை எட்டிய தலைமையாசிரியர்க்கு ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது.

இம்முறையின் அடிப்படை, பள்ளிச் சராசரித் தரமதிப்பாகும். ஏ என்பதற்கு 1, பி என்பதற்கு 2 எனத் தொடங்கி, ஈ என்பதற்கு 5 வரை எண்கள் கொடுக்கப்பட்டு, அவற்றின் சராசரி காணப்படும். எண் குறையக் குறையப் பள்ளியின் நிலை உயர்ந்ததாகக் கொள்ளப்படும். இக்கணக்கு எளியது. ஆயினும் அது எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு வகுப்பில் இருபது மாணவர் இருப்பதாகக் கொள்வோம். இருபதின்மரும் ஒரு பாடத்தில் சி பெற்றால் சராசரி 3 ஆகும். பத்துப்பேர் ஏயும் பத்துப்பேர் ஈயும் பெற்றாலும் சராசரி 3 ஆகும். முதல் வகுப்பில் எல்லாரும் ஓரளவு கற்றுள்ளனர். இரண்டாவது வகுப்பில் பாதிப்பேர் கைவிடப்பட்டுள்ளனர். அட்டவணையில் இவ்விரு வகுப்புகளும் ஒரே நிலையில் இருக்கும்.

சிறிய பள்ளிகளுக்கு இக்கணக்கு மேலும் இடர் விளைவிப்பதாகும். 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையின. ஆறு மாணவர் தேர்வெழுதும் தோட்டப்புறப் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி விழுக்காடு 16.7 புள்ளி சரியும். 150 மாணவர் எழுதும் நகர்ப்புறப் பள்ளியில் ஒருவர் தவறினால் ஏறத்தாழ 0.7 புள்ளியே சரியும். முந்தைய பள்ளியின் முடிவு ஓராண்டு உயர்வதும் மறு ஆண்டு வீழ்வதும் கற்பித்தலின் தரத்தைவிட, அவ்வாண்டு அந்த வகுப்பில் அமர்ந்த ஆறு பிள்ளைகள் யாவர் என்பதையே மிகுதியும் பொறுத்தவை. ஆயினும், அதன் தலைமையாசிரியர் ஆண்டுதோறும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விளக்கமளிக்க வேண்டியவராக இருந்தார்.

அளவுகோல் மாறும்போது முடிவும் மாறும் என்பதற்கு 2016ஆம் ஆண்டு தக்க சான்றாகும். உயர்நிலைச் சிந்தனைத் திறன் வினாக்களைக் கொண்ட புதிய அமைப்பில் தேர்வு நடைபெற்ற அவ்வாண்டில், நாடு முழுவதும் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர் தொகை 5 ஆயிரத்துக்கும் குறைந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அத்தொகை 38 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஓராண்டுக்குள் மலேசியப் பிள்ளைகளின் அறிவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க இயலாது. முன்பு கொண்டாடப்பட்ட எண், பழகிய வினாக்களுக்குப் பழகிய விடைகளை எழுதும் பயிற்சியைப் பெருமளவு அளந்தது என்பதையே இவ்வீழ்ச்சி உணர்த்துகிறது.

3. பொதுமக்கள் கருத்தின் போக்கு

இத்தேர்வு பற்றிய பொதுமக்கள் கருத்து கடந்த பதினைந்து ஆண்டுகளில் பலமுறை கேட்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு நடுப்பகுதியில், அப்போதைய துணைப்பிரதமரும் கல்வியமைச்சருமான முகிதின் யாசின், யு.பி.எஸ்.ஆர்., பி.எம்.ஆர். ஆகிய இரு தேர்வுகளையும் நீக்குவது குறித்து அரசு ஆராய்வதாகத் தெரிவித்தார். தொடர்ந்து வட்டமேசைக் கலந்துரையாடல் நடைபெற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் யு.பி.எஸ்.ஆர். திருத்தங்களோடு தொடரும் என்றும் பி.எம்.ஆர். நீக்கப்படும் என்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு பி.எம்.ஆர். கடைசியாக நடைபெற்று, 2014 முதல் பி.டி.3 அதன் இடத்தைப் பெற்றது. 2012ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கலந்துரையாடல் பல மாநிலங்களில் பொதுக்கூட்டங்களாக நடத்தப்பட்டு, அதன் கருத்துகள் 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

2014ஆம் ஆண்டில் இருவேறு நிகழ்வுகள் மக்கள் கருத்தை எதிரெதிர்த் திசைகளில் இழுத்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் பள்ளிசார் மதிப்பீட்டுக்கு எதிராக ஆசிரியர்களின் குரல் ஓங்கியது. ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு திறனையும் இணையப் பதிவேட்டில் ஏற்றவேண்டியிருந்தது. அப்பதிவேடு பகலில் நெரிசலால் இயங்காமையால் ஆசிரியர்கள் நள்ளிரவில் விழித்திருந்து பதிவு செய்தனர். எதிர்ப்பைத் தொடர்ந்து அமைச்சு அம்முறையை எளிமைப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் யு.பி.எஸ்.ஆர். வினாத்தாள்கள் கசிந்தன. அறிவியல், ஆங்கிலத் தாள்களும் பின்னர்க் கணிதம், தமிழ்மொழித் தாள்களும் மீண்டும் நடத்தப்பட்டன. காவல்துறை விசாரணையில் ஆசிரியர் சிலரும் கைதாயினர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வின் வினாத்தாளைத் திருடவும் துணிவர் என்றால், அத்தேர்வின்மீது பெரியவர்கள் ஏற்றிவைத்த சுமை எத்தகையது என்று பலரும் வினவினர்.

2018ஆம் ஆண்டு இறுதியில், முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019 முதல் நீக்கப்படும் என அப்போதைய அமைச்சர் மஸ்லி மாலிக் அறிவித்தபோது, இக்கருத்து மேலும் வலுப்பெற்றிருந்தது. 2021ஆம் ஆண்டின் அறிவிப்பு இந்நீண்ட போக்கின் முடிவாகவே வந்தது.

மக்கள் கருத்தை ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரிப்பது போதாது. கடந்த சில ஆண்டுகளில் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பெற்றோர் கூட்டங்களில் உரையாற்றச் சென்றபோது கட்டுரையாளர் கேட்ட கருத்துகள் இதனை உணர்த்தின. அவை கணக்கெடுப்பின் முடிவுகள் அல்ல. எனினும் சிந்திக்கத் தக்கவை. தேர்வு நீங்கியது நிம்மதி என்று கூறிய தாய்மார் பலர், அதே பேச்சில், பிள்ளை எந்நிலையில் இருக்கிறான் என்று தெரியவில்லை என்றும் கவலையுற்றனர். கிள்ளான் துறைமுகத்தில் பணிபுரியும் தந்தை ஒருவர் தம் மகனின் வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டி, “சார், மலாயில மூணுன்னு போட்டிருக்காங்க. மூணுன்னா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டார். ஆறு அடைவுநிலைகளில் மூன்றாவது என்பது குறைந்தபட்சத் தேர்ச்சியைக் குறிக்கும் என்று விளக்கியபோது, “அப்ப படிவம் ஒன்னுக்குப் போனா சமாளிப்பானா?” என்பது அவருடைய அடுத்த வினாவாக இருந்தது. அறிக்கையில் அதற்கு விடை இல்லை.

இவ்வினா வசதியுள்ள குடும்பங்களில் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. அவர்கள் கடைவீடுகளின் மாடிகளில் இயங்கும் தனிப்பயிற்சி நிலையங்களில் பிள்ளைகளைச் சேர்த்து, அங்கு நடைபெறும் மாதச் சோதனைகளின் வழி நிலையறிகின்றனர். தனியார் பள்ளியையும் அனைத்துலகப் பள்ளியையும் நாடுவோர் வேறு தேர்வுகளின் முடிவுகளைப் பெறுகின்றனர். வருவாய் குறைந்த பெற்றோர்க்கு யு.பி.எஸ்.ஆர். முடிவுத்தாள் செலவின்றிக் கிடைத்த, பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த ஒரே தகவலாக இருந்தது. தேர்வைத் திரும்பக் கேட்பவரெல்லாம் பழைமைவாதிகள் என்று ஒதுக்குவது இதனால் பொருந்தாது. அவர்களுள் பலர் கேட்பது தேர்வை அன்று, தகவலையே கேட்கின்றனர்.

4. தமிழ்ப்பள்ளிகளுக்கு இத்தேர்வு எவ்வாறு பொருள்பட்டது

தமிழ்ச் சமூகத்தில் யு.பி.எஸ்.ஆருக்கு மற்றொரு பொருளும் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் பயின்றால் முன்னேற முடியாது என்னும் கருத்து நம்மிடையே நீண்ட காலமாக நிலவி வந்தது. அதற்கு விடையாக ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் முன்வைக்கப்பட்டன. நாளிதழ்களின் மாணவர் பகுதிகள் மாதிரி வினாக்களை வெளியிட்டன. முடிவு வெளியானதும் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவரின் நிழற்படங்கள் பக்கங்களை நிறைத்தன. கட்சிகளும் ஆலயங்களும் பொது இயக்கங்களும் பாராட்டு விழாக்கள் நடத்தின. பிரிக்பீல்ட்சு விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போன்ற நகர்ப்புறப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் பலர் இம்முடிவுகளையும் கருத்தில் கொண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை.

இம்முயற்சியின் பயனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையமும், தமிழ் அறவாரியமும், ஆலய மண்டபங்களில் மாலை வகுப்பு நடத்திய எத்தனையோ தொண்டர்களும் தேர்வு என்னும் ஒரு குறிக்கோள் இருந்தமையால்தான் சமூகத்தைத் திரட்ட முடிந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நிதி திரட்டுவதற்கும் தேர்வு ஒரு காரணமாக அமைந்தது. தேர்வு நீங்கியபின் இவ்வூக்கம் தளர்ந்துள்ளதை இயக்கங்களில் உழைப்போர் வெளிப்படையாகவே கூறுகின்றனர்.

ஆயினும் பாராட்டு மேடையில் நின்றவர்களை மட்டுமே சமூகம் கண்டது. மலாய்த் தாளில் சி பெறாமல் புகுமுக வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளுக்கு விழா இல்லை; செய்தியும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டுக் காப்பார், பந்திங், கிள்ளான் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். தம்மொத்த வயதினர் படிவம் ஒன்றில் இருக்கையில், புதிய பள்ளியில், பழகாத மொழியில் ஓராண்டு பின்தங்கி அமரும் பிள்ளை, பள்ளியைவிட்டு நீங்கும் வாய்ப்பு மிகுதி என்பதை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் அறிவர். பள்ளியின் மதிப்பு மேலே உள்ளோரின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டபோது, கீழே உள்ளோர்க்குச் செலவிடும் உழைப்புக்கு அட்டவணையில் இடம் குறைவாகவே இருந்தது.

இப்போது புகுமுக வகுப்புக்குரியோர் பள்ளியின் மதிப்பீட்டைக் கொண்டே அடையாளம் காணப்படுகின்றனர். 2022/2023 கல்வித் தவணை முதல் நான்காம் ஆண்டுக்கு மேற்பட்டோர்க்கு நடத்தப்பட்ட கல்வித் தவணை இறுதித் தேர்விலும் விடைத்தாள்களைத் திருத்துவோர் அப்பள்ளி ஆசிரியர்களே. ஆசிரியரின் நேர்மையில் ஐயம் கொள்வது நம் நோக்கமன்று. மாணவனை நன்கறிந்தவர் ஆசிரியரே. ஆனால், ஒரு பள்ளியின் மூன்றாம் நிலையும் மற்றொரு பள்ளியின் மூன்றாம் நிலையும் ஒன்றுதானா என்பதைப் பெற்றோர் அறிய வழி இல்லை. கனிவுள்ள ஆசிரியர் ஒருவர் மாணவன் ஓராண்டை இழக்கக் கூடாது என்று கருதி மூன்று என்று பதிவு செய்வாராயின், அம்மாணவன் துணையின்றிப் படிவம் ஒன்றில் மூழ்கக்கூடும். முன்பு தேர்வு கொடுமையாகச் சொன்ன உண்மை, இப்போது சொல்லப்படாமலே போகும் அபாயம் உள்ளது.

5. பிற நாடுகளின் பட்டறிவு

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்னும் சட்டம், 2014ஆம் ஆண்டுக்குள் எல்லா மாணவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது; இலக்கை அடையாத பள்ளிகளுக்குத் தண்டனைகளையும் வகுத்தது. டெக்சசு மாநிலப் பள்ளியொன்றை ஆராய்ந்த ஜெனிபர் பூகர்-ஜென்னிங்ஸ், தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாணவர்மீதே ஆசிரியர் உழைப்பு குவிக்கப்பட்டதையும், மிகவும் பின்தங்கியோர் ஒதுக்கப்பட்டதையும் 2005ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். 2015ஆம் ஆண்டு அச்சட்டம் வேறொரு சட்டத்தால் மாற்றப்பட்டது. அந்நாட்டில் 1969 முதல் நடைபெற்றுவரும் கல்விக் கருத்துக்கணிப்பு ஒன்றில் ஓர் உண்மை தொடர்ந்து வெளிப்படுகிறது. மக்கள் தம் பிள்ளை பயிலும் பள்ளிக்கு நல்ல மதிப்பெண்ணும் நாட்டின் பள்ளிகளுக்குப் பொதுவாகக் குறைந்த மதிப்பெண்ணும் அளிக்கின்றனர். நேரில் அறிந்ததை நம்புவதும் கேள்விப்பட்டதை ஐயுறுவதும் மக்கள் இயல்பு. கல்விக் கொள்கை பற்றிய கருத்தை அளப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இதற்கு மறுதலையான சான்று வேல்சு நாட்டிலிருந்து கிடைக்கிறது. பிரித்தானியாவில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த காலத்தில் கட்டுரையாளர், பள்ளித் தரவரிசைப் பட்டியல்களை எதிர்த்த ஆசிரியர்களின் வாதங்களைக் கேட்டு அவற்றை முற்றிலும் ஏற்றிருந்தார். வேல்சு 2001ஆம் ஆண்டு அப்பட்டியல் வெளியீட்டை நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. பின்னர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் பர்ஜெஸ் முதலியோர் இரு நாடுகளையும் ஒப்பிட்டு, பட்டியல் நிறுத்தப்பட்டபின் வேல்சுப் பள்ளிகளின் செயல்திறன் இங்கிலாந்தைவிடக் குறைந்தது என்று கண்டனர். தலைசிறந்த கால்பகுதிப் பள்ளிகளில் பாதிப்பு இல்லை. ஏனைய பள்ளிகளிலேயே சரிவு நேர்ந்தது. பள்ளிகளைப் பற்றிய தகவல் மறைந்தபோது இழந்தவர் நலிந்த பள்ளிகளின் மாணவரே. இம்முடிவு கட்டுரையாளரின் முந்தைய கருத்தை மாற்றிக்கொள்ளச் செய்தது.

இவ்விரு சான்றுகளையும் இணைத்து நோக்கினால், கடுந்தண்டனையோடு இணைந்த தேர்வு கற்பித்தலைத் திரிக்கும் என்பதும், தகவலே இல்லாத நிலை நலிந்தோரை மறைக்கும் என்பதும் புலனாகும். மலேசிய மாணவரின் நிலையும் இவ்வக்கறைக்கு இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பீசா ஆய்வில் பதினைந்து வயது மலேசிய மாணவர் கணிதத்தில் 409 புள்ளியும் வாசிப்பில் 388 புள்ளியும் பெற்றனர். 2019ஆம் ஆண்டுத் திம்சு ஆய்வில் எட்டாம் ஆண்டு நிலைக் கணிதத்தில் 461 ஆக இருந்த புள்ளி 2023இல் 411 ஆகக் குறைந்தது. பெருந்தொற்றுக் காலப் பள்ளியடைப்பின் தாக்கமும் இதில் உண்டு என்பதால், இதனைத் தேர்வு நீக்கத்தின் விளைவாகக் கொள்ளலாகாது. ஆயினும், பின்தங்கியோர் யாவர், எங்குள்ளனர் என்று அறியவேண்டிய தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

6. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, மாணவர்க்கான மதிப்பீட்டையும் பள்ளிக்கான மதிப்பீட்டையும் பிரித்தல் வேண்டும். ஆறாம் ஆண்டிலோ வேறோர் ஆண்டிலோ, எந்தப் பெயரில் தேசிய மதிப்பீடு நடத்தப்பட்டாலும், அதன் முடிவு முதலில் பெற்றோர்க்கும் அடுத்த ஆசிரியர்க்கும் உரியதாக இருத்தல் நன்று. ஆண்டிறுதியில் நடத்தி முடிவைச் சான்றிதழாக வழங்குவதைவிட, குறை கண்டால் திருத்த ஈராண்டேனும் எஞ்சியிருக்கும் காலத்தில் நடத்துவதே பயன் தரும்.

இரண்டாவதாக, பள்ளிகளை ஏ எண்ணிக்கையாலும் சராசரியாலும் மட்டும் அளக்கக்கூடாது. முதலாம் ஆண்டில் மாணவன் எந்நிலையில் வந்தான், ஆறாம் ஆண்டில் எந்நிலையில் செல்கிறான் என்னும் வளர்ச்சியையும், குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாதோரின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிறிய பள்ளிகளின் முடிவுகளை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் காண்பதே நேர்மையான கணக்காகும். அவ்வாறு காணின், மலாய்ச் சொல் ஒன்றும் அறியாது வந்த பிள்ளையை வாசிக்கச் செய்த தோட்டப்புற ஆசிரியரின் உழைப்பும் ஏட்டில் ஏறும்.

மூன்றாவதாக, நம் சமூகம் தானே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. இந்தியாவில் பிரதம் என்னும் அமைப்பு 2005 முதல் ஊரகக் கல்விநிலை ஆய்வை நடத்தி வருகிறது. தொண்டர்கள் வீடுதோறும் சென்று, எழுத்து, சொல், எளிய பத்தி, சிறுகதை என நான்கு படிகளைக் கொண்ட ஒரு தாளைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் செய்கின்றனர். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையில் மதிப்பெண் இல்லை, தோல்வி இல்லை. தமிழ்நாடு உட்பட இந்திய மாநிலங்கள் பலவற்றில் பெற்றோர் தம் பிள்ளையின் வாசிப்பைத் தம் கண்முன்னே அறிய இது வழி செய்துள்ளது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர் இயக்கங்களும் இணைந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்ககங்களில் தமிழிலும் மலாயிலும் இத்தகைய வாசிப்புச் சோதனையை மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்துதல் இயலாததன்று. முன்பு தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்குகளுக்குத் திரட்டப்பட்ட அதே உழைப்பே இதற்கும் போதும். அறிக்கையும் பெற்றோர்க்கு விளங்கும் தமிழில் அமைய வேண்டும்.

முடிவுரை

யு.பி.எஸ்.ஆர். நீக்கத்தைப் பற்றிய மக்கள் கருத்து முரண்பாடுடையது போலத் தோன்றினும், கூர்ந்து நோக்கின் அதில் முரண் இல்லை. பிள்ளையின்மீது சுமை வேண்டாம் என்றும், பிள்ளையைப் பற்றிய உண்மை வேண்டும் என்றும் பெற்றோர் ஒருசேரக் கேட்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒரே தேர்வைக் கொண்டு இரண்டையும் செய்ய முயன்றதாலேயே அவை முரண்பட்டன.

தமிழ்ப்பள்ளியின் பெருமையை எட்டு ஏ பெற்ற பிள்ளைகளைக் கொண்டு நிறுவிய காலம் ஒன்று இருந்தது. அது தேவையான காலமாகவும் இருந்தது. பல்லாயிரம் பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளிகளை நம்பி வருகின்றனர். அவர்களுள் எவரேனும் வாசிக்க இயலாமல் ஆறாம் ஆண்டைக் கடக்கின்றனரா என்ற வினாவை அரசிடமும் பள்ளியிடமும் நம்மிடமும் கேட்பதே இனி நாம் மேற்கொள்ளத்தக்க பொறுப்புடைமையாகும். துறைமுகத் தொழிலாளியான அத்தந்தையின் வினாவுக்கு, அவருடைய மகன் படிவம் ஒன்றில் கால் வைக்கும் முன்னரே விடை கிடைத்தாக வேண்டும்.